நாற்பது நிமிஷம்

அடிலெய்டிலிருந்து தள்ளி, பார்லி விளைகிற எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. காலில் டிராக்டர் ஏறிக் கிடந்தாலும், எப்படி இருக்கே என்று யாராவது கேட்டால் "பரவாயில்லை, சமாளிச்சுக்கலாம்" என்றுதான் சொல்வார்கள். மழை பொய்த்தாலும் அதே பதில், மாமியார் செத்தாலும் அதே பதில். ரோவீனா ஹைன்ரிக் இந்த வியாதியோடு பிறந்து, இதே வியாதிக்காரன் கர்ட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். இல்லாவிட்டால் அவளுக்கு அந்த வருஷம் அப்படி ஓடியிருக்காது.

அவள் மகள் எல்கேவுக்கு எட்டு வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்றார்கள். பேச்சு வரவில்லை. பசித்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பிரிட்ஜ் முன்னால் நிறுத்துவாள். சிரிப்பு வந்தால் வீடே அதிர்கிற மாதிரி சிரிப்பாள். ஒரே ஒரு சங்கடம், கண் அசந்தால் ஓடிவிடுவாள். பயம் என்பது அவளுக்குத் தெரியாது. தண்ணீர், லாரி, பாம்பு எல்லாம் அவளுக்கு ஒன்றுதான்.

அரசாங்கத் திட்டத்தில் வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் துணைக்கு ஆள் வந்துகொண்டிருந்தது. லியான் என்கிற பெண், திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பள்ளி பஸ் வருகிற நேரத்துக்கு வந்து எல்கேயைப் பார்த்துக்கொள்வாள். போன வருஷம் ஆகஸ்டில் அதிகாரி போன் பண்ணி, எல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டான். ரோவீனா என்ன சொல்லியிருப்பாள்? "ரொம்ப நல்லாப் போகுது. எல்கே தங்கமான பொண்ணு. நாங்க சமாளிச்சுக்கறோம்" என்றாள். அவன் அதை அப்படியே எழுதிக்கொண்டான். அவன் மேல் தப்பு சொல்ல முடியாது. நன்றாக இருக்கிறவர்களுக்கு எதற்கு ஒன்பது மணி நேரம்? நான்காகக் குறைந்தது. திங்கள் இரண்டு, புதன் இரண்டு. வெள்ளிக்கிழமை காலி.

இப்போது மறுபடி அந்த போன் வரப்போகிறது. நவம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. நாள்காட்டியில் அந்தக் கட்டம் கண்ணில் படும்போதெல்லாம் ரோவீனா பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால், அறுபது கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு டவுனுக்குப் போனாள். நெட்பால் என்கிற பந்தாட்டக் கிளப்பின் பின்னறையில் மாதம் ஒருமுறை ஒரு கூட்டம் நடக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் ஆறேழு பேர் சேருவார்கள். எந்த டாக்டரிடம் எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும், எந்தப் பல் டாக்டர் பிள்ளையை அதட்டாமல் பார்ப்பார், எந்தத் தாளை எப்படி நிரப்ப வேண்டும், எல்லாம் அங்கேதான் தெரியும். நடத்துகிறவள் கோரல். முப்பது வருஷம் பள்ளி பஸ் ஓட்டினவள். ஆட்டிசம் உள்ள அவள் மகனுக்கே இருபத்தாறு வயது. கோரலின் குரல் பஸ்ஸின் கடைசி சீட் வரைக்கும் கேட்டுப் பழகின குரல். நாலு பேர் உட்கார்ந்த அறையிலும் அதே குரலில்தான் பேசுவாள்.

கோரலிடம் ஒரு சட்டம் உண்டு. போன் வருவதற்கு முன்னால், அந்த வருஷத்தில் இருந்ததிலேயே மோசமான நாள் எதுவோ அதை எழுதிக்கொண்டு வந்து எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும். இங்கே படிக்க முடியாதவர்களால் போனிலும் சொல்ல முடியாது என்பாள்.

"ரோவீனா, உன் முறை" என்றாள் கோரல். "கேக்கை அப்புறம் எல்லாருக்கும் கொடுக்கலாம். அது ஓடிப்போகாது. உட்கார்ந்து படி."

ரோவீனா ஒரு தாளைப் பிரித்தாள். "போன வருஷம் அறுப்பு சமயத்துல, ஒரு வெள்ளிக்கிழமை, எல்கே பின்வாசல் வழியா வெளியில போயிட்டா. பார்லி வயல்ல உட்கார்ந்திருந்தா. நான் போய்க் கூட்டிட்டு வந்துட்டேன். ஒண்ணும் ஆகல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அடி போடி இவளே! இது மோசமான நாளா? இது பிக்னிக்." எல்லாரும் சிரித்தார்கள். கோரல் சிரிக்கவில்லை. "எவ்வளவு நேரம் காணோம்?"

"கொஞ்ச நேரம்."

"கொஞ்ச நேரம்னா? முட்டை வேகற நேரமா, ஆடு வேகற நேரமா?"

ரோவீனா தாளை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். "எல்கே ரொம்ப நல்ல பொண்ணு, கோரல். அவளைப் பத்தி முகம் தெரியாத ஒருத்தன்கிட்டே இப்படியெல்லாம் சொல்றது..."

"ஏண்டி, அவளைப் பத்தி நல்லது சொல்ல உனக்கு வருஷத்துல முந்நூத்தி அறுபத்தி நாலு நாள் இருக்கு. நான் வேண்டாம்னா சொன்னேன்? அந்த ஒரு நாள் மட்டும் கெட்டதைச் சொல்லு. நல்ல நாளைச் சொன்னா நல்ல நாளுக்கு ஏத்த உதவிதான் கிடைக்கும். போன வருஷம் கிடைச்சுதே, பத்தலையா?"

இது உறைத்தது. ரோவீனாவுக்குக் காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. தாளைக் கைப்பைக்குள் திணித்தாள்.

கூட்டம் கலைந்து கார் வரைக்கும் கோரல் கூடவே வந்தாள். வெளியில் அவள் குரலும் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எவ்வளவு நேரம், ரோவீனா?"

"நாற்பது நிமிஷம்."

கோரல் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கர்ட்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"கடவுளே."

"இப்பத்தான் போனா, நான் பின்னாலேயே வந்துட்டேன்னு சொல்லிட்டேன்."

"முதல்ல வீட்டுல சொல்லு. போன் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடு. இந்த மாதிரி விஷயத்தை ரெண்டு பேர்கிட்டே ஒரே நேரத்துல சொல்லக் கூடாது" என்றாள் கோரல்.

நடந்தது இதுதான். அதை ரோவீனா ஒரு வருஷமாக மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்ததில், ஒவ்வொரு நிமிஷமும் அவளுக்கு மனப்பாடம்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரிய மழை வருகிறது என்று சொல்லியிருந்தார்கள். அறுக்காமல் நிற்கிற பார்லி நனைந்தால் மாட்டுத் தீவனத்துக்குத்தான் ஆகும். சுற்று வட்டாரத்தில் எல்லா அறுப்பு மெஷின்களும் வயலில் இருந்தன. பிரிட்ஜ் மேல் இருந்த, மைக்கில் பதிலும் பேசுகிற ரேடியோவில், எல்லா மெஷின்காரர்களும் பேசுகிற அந்த ஒரே சேனலில், எங்கே மேகம் கட்டியிருக்கிறது, யாருக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று மூச்சு விடாமல் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எல்கே பள்ளியிலிருந்து வந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். ரோவீனா கர்ட்டுக்கு வயலுக்குக் கொண்டுபோக ரொட்டிக்குள் இறைச்சி வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பினாள். தரையில் யாரும் இல்லை. பின்வாசல் திறந்திருந்தது. மணி மூன்று ஐம்பது.

முதலில் குளத்துக்கு ஓடினாள். எங்கள் பக்கத்தில் பிள்ளையைக் காணோம் என்றால் எல்லாரும் முதலில் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். குளத்தில் அலை இல்லை. கரைச் சேற்றில் கால் தடம் இல்லை. அதற்காகச் சந்தோஷப்படக்கூட நேரம் இல்லாமல் கோழிக்கூடு, ஆட்டுக் கொட்டகை, டீசல் டாங்கிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள் என்று தேடினாள். மறுபடி குளம். 

ரேடியோ இருக்கிறதே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊரே வந்திருக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவள் அந்த மைக்கை இரண்டு தடவை கையில் எடுத்தாள். இரண்டு தடவையும் திரும்ப வைத்தாள்.

காரணம் இல்லாமல் இல்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னால் இதே மாதிரி எல்கேயைக் காணோம் என்று ரேடியோவில் கூப்பிட்டிருந்தாள். பக்கத்துப் பண்ணை பெர்னி, அவர் வயது எழுபது, உரம் போடுகிற வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார். இன்னும் நாலு வண்டி வந்தது. எல்கே துணி அலமாரிக்குள், துவாலைகளின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எல்லாரும் சிரித்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு கர்ட், "ஊரையே கூட்டிட்டியே, ரோவீனா. அடுத்த தடவை வீட்டை ஒழுங்காப் பார்த்துட்டுக் கூப்பிடு" என்றான். திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு மறந்தும் போனான்.

அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமை அவள் வீட்டை ஒழுங்காகப் பார்த்தாள். மேகம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பத்து மெஷினை நிறுத்தி, ஒருவருடைய பார்லி நனைந்து, கடைசியில் பிள்ளை துணி அலமாரியில் இருந்தால்? இன்னும் ஐந்து நிமிஷம் பார்ப்போம், இன்னும் ஐந்து நிமிஷம். அப்படியே நாற்பது நிமிஷம் போயிற்று. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், நானும் அப்படித்தான் செய்திருப்பேன் என்பார்கள். அதுதான் எனக்கு ஆத்திரம்.

கடைசியில் கொட்டகைக்குப் பின்னால், கம்பி வேலியின் கீழ்க் கம்பியில் எல்கேயின் ஒற்றைச் செருப்பு மாட்டியிருந்ததைப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பார்லி. இடுப்பளவு நின்றது. அதற்குள் ஒரு ஆள் போன மாதிரி மெல்லிய கோடாகத் தாள்கள் சாய்ந்திருந்தன. அந்த வயலில்தான் கர்ட் அறுத்துக்கொண்டிருந்தான். மெஷினின் வாய் பன்னிரண்டு மீட்டர் அகலம். மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கதிருக்குள் உட்கார்ந்திருக்கிற குழந்தை தெரியாது. யாருக்கும் தெரியாது.

அவள் ஓடினாள். அப்படி ஓடினதில்லை, இனி ஓடவும் மாட்டாள். எல்கே கதிர்களுக்கு நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பார்லியின் மீசையைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். அறுத்த ஓரத்துக்கும் அவளுக்கும் நடுவில் இருபது மீட்டர்கூட இல்லை. இன்னும் ஒரு சுற்று, அடுத்த சுற்றில் மெஷின் வாயில் அவள். ரோவீனா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று கையை ஆட்டினாள். மெஷின் நின்றது. கர்ட் ஏணியில் இறங்கின வேகத்தில் கீழே விழப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது.

"எப்ப வெளியில வந்தா?"

"இப்பத்தான். பின்னாலேயே வந்துட்டேன்."

இரண்டே வாக்கியம். கர்ட் மகளின் தலையை ஒரு நிமிஷம் மார்போடு அணைத்துக்கொண்டான். "சரி. பத்திரம்" என்றான். மெஷினில் ஏறினான். மழை வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் வயலை முடித்துவிட்டான். அன்றைக்கு எல்லாரும் சந்தோஷமாக பீர் குடித்தார்கள். ரோவீனா குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

அதற்கப்புறம் அவளுக்கு நிம்மதி என்பதே இல்லை. பின்வாசலுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டாள். கடைக்குப் போனால் பாதிச் சாமானோடு திரும்பிவிடுவாள். இந்த வருஷமும் பார்லி இடுப்பளவு வந்துவிட்டது. இந்த வருஷமும் வெள்ளிக்கிழமை காலிதான். அந்த போனில் ஒழுங்காகப் பேசி ஆள் வாங்காவிட்டால், அந்த நாற்பது நிமிஷம் மறுபடி வரும். தடுக்க வழியில்லை. ஒழுங்காகப் பேச வேண்டுமானால் அந்த நாற்பது நிமிஷத்தைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் என்ன ஆகும்? இவள் பிள்ளை வளர்க்க லாயக்கில்லை என்று எழுதிவிட்டால்? அதையாவது தாங்கிக்கொள்ளலாம். கர்ட் இனி எப்போதாவது எல்கேயை அவளிடம் விட்டுவிட்டு நிம்மதியாக மெஷினில் ஏறுவானா?

கோரல் சொன்னபடி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு வாரமும் பார்த்தாள். கர்ட் இருட்டின பிறகு தூசியும் களைப்புமாக வந்து, சாப்பிட்டு, நாற்காலியிலேயே தூங்கிவிடுவான். ஒரு நாள் "கர்ட், ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். "ம்" என்றான். "பாலாடைக்கட்டி தீர்ந்துபோச்சு" என்றாள்.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு கர்ட் வயலில் இருப்பான். எல்கே பள்ளியில் இருப்பாள். போனில் தனியாக எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். உதவி நேரமும் கிடைக்கும், வீட்டிலும் தெரியாது. சமையலறை மேஜையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாள். ஒன்றையும் மறைக்கவில்லை. எழுதி முடித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் கடல் பக்கமிருந்து மூடுபனி வந்து வயலெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். ஈரத்தில் பார்லி அறுக்க முடியாது. கர்ட் ஒரு பிடி கதிரைக் கொண்டுவந்து, மேஜைமேல் ஈரம் பார்க்கிற கருவியில் போட்டான். "பதினாலு" என்றான். ஈரம் பன்னிரண்டரை சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் மெஷின் ஓடும். டீயை ஊற்றிக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"நல்லதாப் போச்சு. இன்னைக்குத்தானே அந்த போன்? நானும் இருக்கேன்."

"உனக்கு எதுக்கு சிரமம்? நான் பேசிக்கறேன்."

"சும்மாதானே இருக்கேன்."

ரோவீனா தாளைக் கவிழ்த்து வைத்தாள். பத்து மணி ஆயிற்று. போன் வரவில்லை. பத்தே கால். கர்ட் வெளியே போய் இன்னொரு பிடி கதிர் கொண்டுவந்தான். பதிமூன்றரை. பத்தரை. வெயில் வந்துவிட்டது. ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தபடி அவன் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தான். காய்ந்துடு, காய்ந்துடு என்று ரோவீனா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பார்லிக்காக இப்படி யாரும் வேண்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். பத்தே முக்கால். பதிமூன்று.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது. அடிலெய்டிலிருந்து டேமியன் என்கிற இளைஞன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டான். குரல் மரியாதையாக இருந்தது. ரோவீனா போனை மேஜை நடுவில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். பேச்சு, சாப்பாடு, தூக்கம், பள்ளி என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் பதில் சொன்னாள். கர்ட்டும் நடுவில், "பஸ்ல முன் சீட்டுதான் வேணும்பா. யாராவது உட்கார்ந்திருந்தா ரகளைதான்" என்று சேர்ந்துகொண்டான். சொல்லிக்கொண்டே கருவியில் கதிரைப் போட்டான். எண்ணைப் பார்த்தான். அவளுக்குக் காட்டினான். பன்னிரண்டு புள்ளி மூன்று.

தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். நீ பார்த்துக்கோ என்று கையால் ஜாடை காட்டினான்.

"அடுத்தது பாதுகாப்பு" என்றான் டேமியன். "எல்கேவுக்கு வெளியில ஓடிப்போற பழக்கம் உண்டா? அப்படி ஏதாவது நடந்திருக்கா?"

கர்ட் கதவுக்குப் போய்விட்டான். இன்னும் நாலு அடி. ஒரு நிமிஷம் இருங்க, தாளை எடுத்துக்கறேன் என்று டேமியனிடம் சொன்னால் போதும். கர்ட் வண்டியில் ஏறிவிடுவான். அவள் வாயைத் திறந்தாள். இதோ, மறுபடியும் நிற்கிறேன் என்று அவளுக்கே தோன்றியது. அன்றைக்கு மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே மாதிரி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"கர்ட், போகாதே. உட்காரு."

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன பார்த்தானோ, வந்து உட்கார்ந்தான். தொப்பி மடியில். அவள் தாளைத் திருப்பிப் படித்தாள். முதல் பக்கத்தில் குரல் நடுங்கிற்று. இரண்டாவது பக்கத்தில் நடுங்கக்கூட இல்லை, கடை சாமான் பட்டியலைப் படிக்கிற மாதிரி வந்தது. மூன்று ஐம்பது. குளம். ரேடியோ மைக்கை எடுத்து வைத்தது, ஏன் வைத்தாள் என்பது. மறுபடி எடுத்து வைத்தது. செருப்பு. நாலரை. "என் புருஷன்கிட்டே இப்பத்தான்னு பொய் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது. இப்ப எதிர்லதான் உட்கார்ந்திருக்கார்."

 டேமியன் மெதுவாக, "லைன்ல இருக்கீங்களா?" என்றான்.

"இருக்கோம்" என்றாள்.

கர்ட் அவளைப் பார்க்கவில்லை. தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நாற்பதா?"

"நாற்பது."

"நான் எத்தனை சுற்று சுத்தியிருப்பேன் அதுக்குள்ள?"

"தெரியல, கர்ட்."

அவனுக்குத் தெரியும். அந்த வயலில் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். உதடு அசைய ஒரு கணக்குப் போட்டான். பிறகு எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனான். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

மீதிப் பேச்சை ரோவீனா தனியாகப் பேசினாள். டேமியன் நிறையக் கேட்டான். வெள்ளிக்கிழமைகளில் யார் இருப்பார்கள், அறுப்பு எத்தனை வாரம், அவசரத்துக்குக் கூப்பிட யார் இருக்கிறார்கள். "நான் முடிவு பண்றதில்லை. ஆனா நீங்க சொன்னதை ஒண்ணு விடாம எழுதியிருக்கேன்" என்றான். அலுவலகக் கடிதம் மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. ஏழு மணி நேரம் என்று இருந்தது. ஒன்பது இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் திரும்பக் கிடைத்தது. கோரல் அதற்கும் சண்டை போடக் கிளம்பினாள், அது வேறு கதை.

அன்றைக்கு போனை வைத்த பிறகு ரோவீனா அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆறின டீயை வாஷ்பேசினில் கொட்டினாள். கோப்பையைக் கழுவினாள். கழுவின கோப்பையை மறுபடி கழுவினாள். ஏதாவது கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்தாள். பதினைந்து வருஷத்தில் கர்ட் இப்படி எழுந்து போனதில்லை. பிள்ளையையும் விட்டேன், புருஷனையும் விட்டேன் என்று அழுகை வந்தது. அழுதாள். யார் இருக்கிறார்கள் பார்க்க?

பிரிட்ஜ் மேல் ரேடியோவில் வழக்கமான பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பன்னிரண்டு, உனக்கு என்ன, இங்கே பள்ளத்துல இன்னும் ஈரம்தான். நடுவில் கர்ட்டின் குரல் வந்தது.

"கர்ட் பேசறேன். எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க."

யாரிடமாவது பெல்ட் உதிரி இருக்கிறதா என்று கேட்பானே, அந்தக் குரல்தான். ரோவீனா அசையாமல் நின்றாள்.

"எங்க எல்கே ஓடிப்போற பொண்ணு. உங்களுக்குத் தெரியும். போன வருஷம், அந்தப் பெரிய மழை வந்ததே, அன்னைக்கு நாற்பது நிமிஷம் காணாமப் போயிட்டா. நான் அறுத்துட்டிருந்த வயல்ல உட்கார்ந்திருந்தா. எனக்கு முன்னாடி." ரேடியோ கொஞ்ச நேரம் கரகரத்தது. "ரோவீனா உங்க யாரையும் கூப்பிடல. மெஷினை நிறுத்தச் சொல்லப் பயம். இனிமே அவ கூப்பிட்டா, மழை வந்தாலும் சரி, என்ன வந்தாலும் சரி, எல்லாரும் நிறுத்திடுங்க. நான் கேட்டுக்கறேன்."

எங்கள் சேனலில் இப்படி யாரும் பேசினதில்லை. வீட்டு விஷயத்தை, அதுவும் அறுப்பு நேரத்தில்.  பிறகு பெர்னியின் குரல்.

"ஏம்ப்பா, அவ அலமாரிக்குள்ள தூங்கினாளே, அன்னைக்கு நாங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க சொல்லல. நான்தான் சொன்னேன்" என்றான் கர்ட். "அந்த நாற்பது நிமிஷம் என்னால வந்தது. அவளால இல்லை."

ரோவீனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நிறுத்திடலாம்" என்றது ஒரு குரல். "சரி, நிறுத்திடறோம்" என்றது இன்னொன்று. "என் மெஷின் தானாவே தினம் மூணு தடவை நிக்குது, எனக்கென்ன" என்றான் ஒருவன். ஒருவர் பின் ஒருவராக, ரோவீனா எண்ணிக்கொண்டே வந்தாள், ஒன்பது பேர். பிறகு தானிய வண்டி ஓட்டுகிற ட்ரூடி உள்ளே வந்தாள். அவளோடு ரோவீனா தேவாலயத்தில் தலையசைப்பதோடு சரி.

"ரோவீனா, நீ கேட்டுட்டுதானே இருக்கே? நாங்க வந்தா எப்படித் தேடணும்? பேரைச் சொல்லிக் கூப்பிட்டா வருவாளா?"

இதை அவளிடம் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. அவள் மைக்கை எடுத்தாள். பொத்தானை அழுத்தினாள்.  விட்டுவிட்டு மறுபடி அழுத்தினாள்.

"வரமாட்டா. கத்தினா இன்னும் தூரமா ஓடுவா. முதல்ல எஞ்சினை அணைச்சுடுங்க. பின்னாலேயே துரத்தாதீங்க. கண்ணுல பட்டுட்டா, இருந்த இடத்துலயே தரையில உட்கார்ந்துடுங்க. உட்கார்ந்துட்டா அவளே பக்கத்துல வருவா. உங்க தொப்பியை எடுத்துப் பார்ப்பா. எடுத்துட்டுப் போகட்டும், விட்டுடுங்க. மெதுவாப் பேசினா நல்லா கேட்டுப்பா. அவளுக்கு எல்லாம் புரியும். ஆனா..."

"இரு, இரு, ரோவீனா" என்றார் பெர்னி. "மெதுவாச் சொல்லும்மா. எழுதிக்கறேன்."

அவர் பேனா தேடுவதற்காக மெஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது.